900 டொலரும் ஒரு கயாக்கும்: முதலில் எதை வாங்குவது?

புதுத்துடுப்பு · ஏப்ரல் 11, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சென்ற ஓகஸ்டில் இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து கவார்த்தா ஏரிகள் பக்கம் குடில் எடுத்துத் தங்கியிருந்தோம். படித்துறையில் யாருடையதோ ஒரு பழைய கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) கிடந்தது. விடிகாலையில் அதில் ஏறியவனை மத்தியானச் சோற்றுக்கு ஆள்விட்டுத்தான் கூப்பிட்டார்கள். அன்று பிடித்த பைத்தியம் பனிக்காலம் முழுவதும் விடவில்லை. மாதம் மாதம் கொஞ்சமாக ஒதுக்கி 900 டொலர் சேர்த்திருக்கிறேன். அதற்குமேல் ஒரு சதமும் செலவழிக்க மாட்டேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கிழமை வந்த விளம்பரத் தாளில் ஒரு பெரிய கடை 10 அடிக் கயாக்கை 499 டொலருக்குப் போட்டிருக்கிறது. துடுப்பு இலவசம். ஞாயிற்றுக்கிழமையோடு மலிவு விற்பனை முடிகிறது. நான் இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள பிக்கறிங்கில். பிரெஞ்ச்மன்ஸ் விரிகுடாவுக்குக் காரில் பத்து நிமிடம். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 95 கிலோ. கார் கொறோலா, கூரையில் கம்பி கிடையாது. நீச்சல் தெரியும், ஆனால் நீச்சல்குளத்து நீச்சல்தான். வாங்கலாமா?

கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 11, இரவு 10.15

தாராளமாக வாங்குங்கள். வாடகைக்கு எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு நாற்பது டொலர் போய்விடும். பன்னிரண்டு தடவை போனால் படகின் விலை கரைந்திருக்கும், கையில் படகும் இருக்காது. அதைவிட முக்கியம், வாடகைப் படகென்றால் ‘அடுத்த கிழமை பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவோம். சொந்தப் படகு வாசலில் கிடந்தால் வெட்கத்துக்காவது போவோம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 499 என்பது 499 அல்ல. 13 சதவீத வரியோடு 563 டொலர் 87 சதம்.

நீர்க்காகம் · ஏப்ரல் 12, காலை 6.05

வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் கயாக்கின் அண்ணனோ தம்பியோ ஒன்று என்னிடமும் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன், மே மாதம், விக்ரோரியா தினத்தையொட்டிய நீண்ட வார இறுதி. வெளியில் 24 பாகை. குடில்களில் ஆட்கள் அரைக் காற்சட்டையோடு நின்று இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏரியில் பனிக்கட்டி உருகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்பதை யார் நினைத்தார்கள்? நான் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போட்டிருந்தேன். மிதவை அங்கியும் இருந்தது. இருக்கைக்குப் பின்னால், முதுகுக்குச் சாய்மானமாக. கரையிலிருந்து நூற்றைம்பது மீற்றர் போயிருப்பேன். காலுக்கிடையில் வைத்திருந்த தேத்தண்ணீர்க் குடுவை பின்னால் உருண்டுவிட்டது. திரும்பி எட்டிப் பிடித்தேன். அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் போனதும் முதலில் கட்டுப்பாட்டை விட்டுப் போனது மூச்சு. நான் இழுக்கவில்லை, அது தானாக இழுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கடுக்காக. அதில் ஒன்று தண்ணீரோடு உள்ளே போனது. படகைப் பிடித்தேன். உள்ளே தண்ணீர் புகாத தடுப்பறை எதுவும் இல்லாத படகு; நுனியில் ஒரு நுரைக்கட்டி மட்டும். வாய்வரை தண்ணீர் நிறைந்து, செத்த எருமையைப்போல் கிடந்தது. நிமிர்த்தினேன், மறுபடி புரண்டது. மிதவை அங்கி பக்கத்திலேயே மிதந்து வந்தது. ஒரு கையை எப்படியோ நுழைத்துவிட்டேன். கொக்கியைப் பூட்ட முடியவில்லை. விரல் கண்ணுக்குத் தெரிகிறது, கொக்கியும் தெரிகிறது, ஆனால் அந்த விரல் என்னுடையதுபோல் இல்லை. கடைசியில் அங்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலை அடித்தேன். பக்கத்துக் குடில்காரர் மோட்டார்ப் படகில் வந்து, இடுப்புப் பட்டியைப் பிடித்துச் சாக்குமூட்டையைப்போல் உள்ளே இழுத்துப் போட்டார்.

தேத்தண்ணீர்க் குடுவை மட்டும் வடிவாக மிதந்து தானே கரைசேர்ந்தது.

கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 12, காலை 8.30

நீர்க்காகம், உயிர் தப்பியது பெரிய காரியம். ஆனால் நீங்கள் சொன்ன கதையில் குற்றவாளி ஜீன்ஸும், முதுகுக்குப் பின்னால் வைத்த அங்கியும்தானே? மூவாயிரம் டொலர்ப் படகில் அதே உடுப்போடு போயிருந்தாலும் அதே தண்ணீர்தான்.

நீர்க்காகம் · ஏப்ரல் 12, காலை 8.41

பாதி சரி. மீதிப் பாதி, முன்னும் பின்னும் தடுப்பறை உள்ள படகென்றால் நடுவில் மட்டும்தான் தண்ணீர் நிறையும். இறைத்துவிட்டு ஏறலாம். என்னுடையது குளியல் தொட்டி.

வல்வைத் தோணி · ஏப்ரல் 12, காலை 11.20

பிள்ளைகள் எழுதுவதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுபத்தொன்று. எட்டு வயதில் வள்ளத்தில் ஏறியவன். எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அதில் போன எங்கள் ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கி அங்கியும் உடுப்பும் வாங்கிக்கொண்டா புறப்பட்டார்கள்? காற்றைப் படிக்கத் தெரிய வேண்டும், நீரைப் படிக்கத் தெரிய வேண்டும். குளத்தில் துடுப்புப் போட 900 டொலர் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஏரிக்கரையான் · ஏப்ரல் 12, பிற்பகல் 1.10

வணக்கம் ஐயா. ஆறு வருடமாகக் கோடையில் புதியவர்களுக்குக் கயாக் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கடலறிவில் கால்வாசி எனக்குக் கிடையாது. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். ஊர்க் கடலில் தண்ணீர் 28 பாகை. விழுந்தவன் மிதந்துகொண்டே ஒரு சுருட்டுப் பற்றவைக்கலாம். மே மாதத்து ஒன்ராறியோ ஏரி ஒற்றை இலக்கப் பாகையில் இருக்கிறது. மனிரோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிறெக்ட் என்ற ஆய்வாளர் குளிர்நீரில் மனித உடலுக்கு என்ன ஆகிறது என்பதையே ஆராய்ந்தார். தன்னையே பலமுறை பனித்தண்ணீரில் இறக்கிப் பார்த்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. மூச்சை அடக்கிக்கொள்ள ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். நீர்க்காகத்தின் விரல் கொக்கியை மறந்தது அந்தப் பத்து நிமிடம் தீர்ந்தபோது. குளிரில் விறைத்துச் சாவதற்கு நெடுநேரம் முன்பே, நீந்த முடியாமல் ஆட்கள் மூழ்கிவிடுகிறார்கள். நெஞ்சில் அங்கி பூட்டியிருந்தால் அந்த மிச்ச நேரம் முழுவதும் தலை மேலே நிற்கும். யாராவது வந்து எடுக்கலாம்.

கோடையிலும் இந்த ஏரி வாக்கு மாறும். ஜூலையில் 20 பாகை என்று இறங்குவீர்கள். இரண்டு நாள் மேற்குக் காற்று ஓங்கி அடித்தால் மேல்தண்ணீர் நடு ஏரிக்கு நகர்ந்து, அடியில் கிடந்த குளிர்நீர் எங்கள் வடகரையில் மேலெழும்பி வரும். அதே இடம் பத்துப் பாகைக்குக் கீழே போயிருக்கும். மேலே வெயில் அப்படியே இருக்கும், ஒரு அறிகுறியும் தெரியாது.

புதுத்துடுப்பு, உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. விரிகுடாவுக்குள் பழகும்வரை வாய்க்காலைத் தாண்டி ஏரிக்குள் போக வேண்டாம். முக்கியமாக வடகாற்று நாட்களில். எங்கள் வடகரையிலேயே இருக்கும் ஸ்காபரோ செங்குத்துப் பாறைகளை நினைத்துப் பாருங்கள்: 15 கிலோமீற்றர் நீளம், உயர்ந்த இடத்தில் 90 மீற்றர். வடகாற்று அடிக்கும்போது அந்தச் சுவர் காற்றை மறைத்துவிடும். கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். ‘என்ன அமைதி’ என்று நானூறு மீற்றர் உள்ளே போனால் முதுகில் காற்று பிடிக்கும். அதன்பிறகு அடுத்த கரை நயாகரா.

வல்வைத் தோணி · ஏப்ரல் 12, மாலை 5.55

தம்பி, இந்த வடகாற்றுக் கதையை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

எங்களுக்குக் கடல் வடக்கே. வாடை அடித்தால் கரைக்குத் தள்ளும். வள்ளம் அடிபடும், ஆனால் ஆள் வீடு வந்து சேருவான். நாங்கள் பயந்தது சோளகத்துக்குத்தான். அது நிலத்திலிருந்து வெளியே அடிப்பது. கரையில் நிற்பவனுக்குக் கடல் படுத்துக் கிடப்பதுபோல் தெரியும். போனவனைக் கொண்டே போய்விடும். இங்கே ஏரி தெற்கே. அப்படியென்றால் எனக்கு நல்ல காற்றாகப் பழகிய வாடைதான் இங்கே ஆளைக் கொண்டு போகும் காற்று. முப்பத்தாறு வருடமாக இந்தக் கரையில் நடக்கிறேன், ஒருநாளும் இதை இப்படித் திருப்பிப் பார்க்கவில்லை.

மற்றபடி 900 டொலர் அதிகம்தான்.

பதினேழாம் மாடி · ஏப்ரல் 12, இரவு 8.20

நான் மிஸிஸாகாவில் அடுக்குமாடியில் இருக்கிறேன்; சொந்த ஊர் நாகர்கோவில். படகை எங்கே வைப்பீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே? எங்கள் கட்டடத்தில் பால்கனியில் சைக்கிளுக்கே அனுமதி இல்லை. அதனால் நான் காற்றடைக்கும் கயாக் வைத்திருக்கிறேன். முதலில் வாங்கியது இருநூறு டொலர் ரகம்: நீச்சல்குளப் பொம்மைக்கு அக்கா. ஆள் உட்கார்ந்தால் நடுவில் வாழைப்பழம்போல் வளையும். காற்று அடித்தால் நான் துடுப்புப் போடும் திசையில் போகாது, காற்றின் விருப்பப்படி போகும். இரண்டாவது, அடித்தளத்துக்குள் ஆயிரக்கணக்கான நூல்களை மேலும் கீழும் கோத்து நெய்த ரகம். அதில் அழுத்தமாகக் காற்றடிக்கலாம், அடித்த பிறகு பலகைபோல் நிற்கும். பழையதாக 420 டொலருக்குக் கிடைத்தது. லிஃப்டில் முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.

ஒரு தொல்லை, காயவைப்பது. ஒன்ராறியோவில் 2022 தொடக்கத்திலிருந்து, எந்தப் படகையும் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் முன் பாசி, சிப்பி எல்லாவற்றையும் நீக்கி, தண்ணீரையும் வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். கயாக்கும் அதில் அடக்கம். வரிச் சிப்பி பரவுவதைத் தடுக்கத்தான். என் படகின் மடிப்புகளுக்குள் எப்போதும் ஈரம் தங்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் விரித்து, தலைமுடி உலர்த்தியால் காயவைக்கிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும்.

புதுத்துடுப்பு · ஏப்ரல் 13, காலை 7.15

கடைக்குப் போகவில்லை. மனம் கேட்கவில்லை என்பதும் உண்மை. நேற்றிரவு விளம்பரத் தாளை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். எனக்குக் கார் நிறுத்தும் கொட்டகை இருக்கிறது, 14 அடிவரை சுவரோரம் வைக்கலாம். சரி, 900 டொலரை நீங்கள் என்றால் எப்படிப் பிரிப்பீர்கள்?

ஏரிக்கரையான் · ஏப்ரல் 13, இரவு 9.00

நான் என்றால் படகைக் கடைசியில் வைப்பேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் காசு மிதவை அங்கிக்கு. அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வெயிலில் காய்ந்த பழைய அங்கியின் நுரை எவ்வளவு மிதக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே கனடிய அங்கீகாரச் சீட்டுத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் எங்கிருந்தோ வரும் மலிவு அங்கிகளில் அது இருப்பதில்லை. கயாக்குக்கென்று செய்தவற்றில் முதுகுப்பக்க நுரை மேலே ஏறியிருக்கும், கீழே வெறும் வலைத்துணி. இருக்கையின் சாய்மானம் அங்கியை மேலே தள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கடையில் போட்டுப் பார்க்கும்போது நிற்காதீர்கள், ஒரு நாற்காலியில் உட்காருங்கள். எல்லாப் பட்டியையும் இறுக்கியபின் கூட வந்தவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். மூக்குவரை வந்தால் அது உங்களுக்கானது அல்ல. நூறு டொலருக்கு அருகில் நல்லது கிடைக்கும். கையை ஆயிரம் தடவை சுழற்றியும் அக்குள் உராயாத அங்கியைத்தான் ஆட்கள் கழற்றாமல் போட்டிருக்கிறார்கள்.

சட்டம் கேட்பது வேறு சில: 15 மீற்றர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு சாதனம், ஒலியெழுப்பும் கருவி. இருட்டில் போனால் விளக்கு. எல்லாம் ஒரு சிறிய குடுவைக்குள் அடைத்து 25 டொலர் அளவில் விற்கிறார்கள். குடுவையே இறைக்கும் பாத்திரம். அதில் வரும் விசில் மட்டும் சில வேளை விளையாட்டுச் சாமானாக இருக்கும். உள்ளே உருளும் குண்டு இல்லாத விசிலாக மாற்றுங்கள். அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்து ஹமில்ரன்காரர், ரொன் ஃபொக்ஸ்குறொஃப்ற் என்ற கூடைப்பந்து நடுவர். விளையாட்டின் நடுவில் தன் விசில் அடைத்துக்கொண்ட கோபத்தில் இறங்கியவர். 1987இல் ஃபொக்ஸ் 40 வந்தது. தண்ணீரில் நனைந்தாலும் கத்தும்.

அடுத்தது ஒரு நாள் வகுப்பு. 140 டொலர் அளவில் வரும். இதைச் சொன்னால் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள், சாமான் கையில் வராத செலவு. ஆனால் கவிழ்ந்து வெளியே வருவதையும் மறுபடி ஏறுவதையும் யாரோ பக்கத்தில் நிற்கும்போது ஒருமுறையாவது செய்திருக்க வேண்டும். இன்னொரு லாபம், அன்று நான்கு ஐந்து வகைப் படகில் உட்கார்ந்து பார்ப்பீர்கள். எந்தப் படகு வேண்டாம் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும்.

குளிர் உடுப்புக்குச் சுழியோடிகள் போடும் நியோபிறீன் உடை, கையில்லாத 3 மில்லிமீற்றர் ரகம் போதும். பழையது வாங்கலாம். காற்றின் வெப்பநிலைக்கு உடுத்தாதீர்கள், தண்ணீருடையதற்கு உடுத்துங்கள்.

மிஞ்சியதில் துடுப்பு. அதன் பிறகே படகு.

கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 13, இரவு 9.35

துடுப்பு இலவசமாக வருகிறதே, அதற்கு எதற்குத் தனிக் காசு?

ஏரிக்கரையான் · ஏப்ரல் 13, இரவு 9.50

இலவசத் துடுப்பு பெரும்பாலும் அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் இலையும். சுமார் 1,200 கிராம் வரும். கண்ணாடியிழைத் துடுப்பு 900 கிராம். குளிர்ந்த காலையில் அலுமினியத்தைப் பிடித்துப் பாருங்கள், மிச்சம் விளங்கும்.

கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 13, இரவு 10.20

கணக்குப் போட்டுவிட்டேன். நிமிடத்துக்கு முப்பது தடவை துடுப்பு வலித்தால் மணிக்கு 1,800. ஒவ்வொன்றிலும் 300 கிராம் அதிகம் தூக்கினால் மணிக்கு 540 கிலோ. அரிசி மூட்டைக் கணக்கில் சொன்னால் இருபது கிலோ மூட்டை இருபத்தேழு. சரி, துடுப்பு விஷயத்தில் வாபஸ் வாங்குகிறேன். படகு விஷயத்தில் இல்லை.

புதுத்துடுப்பு · ஏப்ரல் 14, காலை 6.50

பழைய படகு பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எனக்குப் பழைய கார் வாங்கிய அனுபவம்கூட இல்லை.

நீர்க்காகம் · ஏப்ரல் 14, காலை 7.30

இது என் பாடம், நான் சொல்கிறேன். இரண்டாவது படகை மூன்று மாதம் தேடி வாங்கினேன்.

விற்பவர் சொல்லும் வயதை நம்பாதீர்கள். படகின் பின்முனையில் வலது பக்கம் 12 எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளக் குறி பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கம் மாதிரி ஆண்டு. ‘மூன்று வருடம்தான் ஆகிறது’ என்றவரின் படகில் 09 என்று இருந்தது. அவர் என்னோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டார்.

பிறகு தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். கீறல் எத்தனை இருந்தாலும் கவலையில்லை, அது படகு தண்ணீரைக் கண்டதற்கு அடையாளம். பின்முனையின் அடியைத் தடவுங்கள். சிமெந்தில் தரதரவென்று இழுத்துப் போனவர்களின் படகு அங்கேதான் தேய்ந்து மெலிந்திருக்கும். இருக்கைக்கு நேர் கீழே உள்ளங்கையால் அமுக்குங்கள். உள்வாங்கிய பள்ளம் என்றால் பெரிதல்ல. வெயிலில் ஒரு நாள் போட்டால் பொலிஎத்திலீன் தானே மீண்டு வரும். வெடிப்பென்றால் விட்டுவிடுங்கள். நிறம் வெளுத்துச் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டினால் வருடக்கணக்காக வெயிலில் கிடந்தது, அதுவும் வேண்டாம்.

தடுப்பறை உள்ள படகென்றால் ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். பின்மூடியைத் திறந்து உள்ளே ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கதைத்துக்கொண்டு நில்லுங்கள். இருக்கைப் பக்கம் கசிந்து வந்தால் தடுப்பின் ஒட்டுப் பசை விட்டிருக்கிறது. திருத்தலாம், ஆனால் விலையில் ஐம்பது குறையுங்கள். வாளித் தண்ணீர் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக, கொட்டகையிலேயே அதில் ஏறிக் கால்மணி நேரம் உட்காருங்கள். கால் மரத்துப்போனால் ஏரியிலும் மரத்துப்போகும்.

ஏரிக்கரையான் · ஏப்ரல் 14, காலை 8.10

ஒன்று சேர்க்கிறேன். 95 கிலோ ஆள் ஏறினால் படகு எவ்வளவு தாழும் என்று பாருங்கள். தாங்கும் எடை 125 கிலோ என்று போட்டிருந்தால் அது மூழ்காத எல்லை, வசதியாகப் போகும் எல்லை அல்ல. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நிற்பதுதான் நல்லது. இந்தக் கணக்கில் உங்கள் உடம்பே தாண்டுகிறது. உங்களுக்கு 12 அடிப் படகைத் தேடுங்கள். இனுயிட் மக்கள் கயாக் செய்தபோது ஓட்டுபவனின் கையையும் இடுப்பையும் அளவாக வைத்துத்தான் செய்தார்கள். நாங்கள்தான் ஒரே அச்சில் வார்த்து எல்லோருக்கும் விற்கிறோம்.

செப்ரெம்பர்வரை பொறுக்க முடிந்தால் வாடகை நிலையங்கள் தங்கள் படகுகளைக் கழித்து விற்கும். அப்போது இன்னும் மலிவு.

கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 14, காலை 8.25

ஒன்ராறியோவில் கோடையே நான்கு மாதம். அதில் நான்கையும் பொறுமைக்குக் கொடுத்துவிட்டு ஒக்டோபரில் கையுறையோடு போகச் சொல்கிறீர்கள். நல்ல யோசனை.

வல்வைத் தோணி · ஏப்ரல் 14, பகல் 12.40

இதில் கணக்குப்பிள்ளையின் பக்கம் நான்.

புதுத்துடுப்பு · ஜூன் 22, இரவு 10.05

நீண்ட நாள் மௌனத்துக்கு மன்னிக்கவும். முடித்துவிட்டேன்.

ஜூன் முதல் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். கவிழ்ந்து வெளியே வரும் பயிற்சியில் முதல் தடவை மூக்கால் அரை ஏரி குடித்தேன். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டு வந்தேன். விளம்பரத் தாளில் பார்த்தது போன்ற 10 அடிப் படகு ஒன்றும் அங்கே இருந்தது. அதில் ஏறியதும் பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்து, அணியம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை, நானே இறங்கிவிட்டேன்.

படகு லின்ட்சேயில், ஓய்வுபெற்ற தம்பதியிடம் கிடைத்தது. 12 அடி, இரண்டு தடுப்பறை, கேட்டது 550. குறியில் 14 என்று இருந்தது, அவர்களும் அதையேதான் சொன்னார்கள். வாளித் தண்ணீர் கேட்டபோது அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஊற்றினோம். பின்தடுப்பில் மெல்லிய கசிவு. ‘பதினொரு வருடமாக எங்களுக்கே தெரியாது’ என்று சொல்லிவிட்டு, நான் கேட்கும் முன்பே 450 என்றார். பசை பூசி அடைத்துவிட்டேன்.

மற்றக் கணக்கு: வரியோடு அங்கி 124.30, கயிறும் குடுவையும் 28.25, கூரைக்கு நுரைக்கட்டையும் பட்டியும் 67.80. பழைய கண்ணாடியிழைத் துடுப்பு 60, நியோபிறீன் உடை 70, வகுப்பு 140. கூட்டினால் 940 டொலர் 35 சதம். வாக்குத் தவறிவிட்டேன். அந்த நாற்பதைப் பற்றி வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

பட்டி கட்டுவதில் ஒரு பாடம். முதல் நாள் 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் கூரையில் பேய் அழுவதுபோல் ஒரு ஓசை. வாகனத்தை ஓரமாக விட்டு இறங்கிப் பார்த்தேன், எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. தட்டையான பட்டி காற்றில் அதிர்கிறதாம். ஒரே ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் சத்தமே இல்லை.

ஏரிக்கரையான் · ஜூன் 22, இரவு 10.30

வாழ்த்துகள். பல்லுச் சக்கரம் வைத்து இறுக்கும் பட்டி வாங்கவில்லையே? அது லொறிக்குச் சரி. கயாக்கின் முதுகை நசுக்கிவிடும். கையால் இழுத்து இறுக்கும் கொக்கிதான் வேண்டும். அணியத்திலிருந்து காரின் முன்பக்கத்துக்கும் ஒரு கயிறு கட்டுங்கள்.

புதுத்துடுப்பு · ஜூன் 22, இரவு 10.34

கையால் இழுப்பதுதான் அண்ணா. முன்கயிறும் உண்டு.

புதுத்துடுப்பு · ஜூலை 13, பிற்பகல் 2.20

றூஜ் ஆற்று முகத்துக்குப் போய்வந்தேன். ரயில் பாலத்துக்கு உள்பக்கம், சதுப்புக்குள். காற்று வடக்கு என்பதால் ஏரிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஒரு பெரிய நாரை பத்து மீற்றரில் நின்று என்னைப் பொருட்படுத்தாமல் மீன் பிடித்தது. மகன் கரையிலிருந்து எடுத்த படம் இணைத்திருக்கிறேன். தோள் மட்டும் இரண்டு நாளாகச் சரியான வலி; பழக்கமில்லாததால்தான் என்று நினைக்கிறேன்.

பதினேழாம் மாடி · ஜூலை 13, பிற்பகல் 3.05

படம் அருமை. அங்கியின் பட்டியெல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது, நீர்க்காகம் பார்த்தால் கண்ணீர் விடுவார்.

நீர்க்காகம் · ஜூலை 13, பிற்பகல் 3.40

விட்டேன்.

ஏரிக்கரையான் · ஜூலை 13, மாலை 6.15

நல்ல படம். தோள்வலிக்கு ஒரு காரணம் படத்திலேயே தெரிகிறது. துடுப்பின் இலையைப் பாருங்கள்: ஒரு விளிம்பு நீளம், மறு விளிம்பு குட்டை. நீளமான விளிம்பு மேலே இருக்க வேண்டும். இலையில் அச்சிட்ட பெயர் உங்கள் கண்ணுக்கு நேராக வாசிக்கக்கூடியதாக இருக்கும். உங்கள் படத்தில் பெயர் தலைகீழாக நிற்கிறது.

புதுத்துடுப்பு · ஜூலை 13, மாலை 6.22

மூன்று கிழமையாகவா?

வல்வைத் தோணி · ஜூலை 13, மாலை 7.00

நானும் கவனித்தேன் தம்பி. கனடாவில் அப்படித்தான் பிடிப்பார்களாக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.